பங்குக் கிடாயும் பாரமில்லாத கயிறும்

தீபாவளியன்று விடியப்புறம், 5 மணிக்குக் கொஞ்சம் முதல், பாதி உரித்த கிடாய் மாமரக் கொப்பிலிருந்து ஈரச் செம்மண்ணில் விழுந்தது. கயிறு அறவில்லை, கொப்பு முறியவில்லை, முடிச்சு வழுகிவிட்டது, அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டு. இரவு முழுக்க மழை தூறி, நீர்வேலி மண் காலில் அப்பிக்கொண்டு வரும் பதத்தில் இருந்தது. அந்த மண்ணில் தோல் உரித்த பக்கம் கீழே இருக்க இறைச்சி கிடந்ததை 8 வீட்டு ஆட்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு வாங்கி வந்தவன் நான்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பங்கு இறைச்சி என்பது ஐந்து வீடோ பத்து வீடோ சேர்ந்து காசு போட்டு ஒரு கிடாய் வாங்கி, யாராவது ஒருவருடைய வளவில் வைத்து அடித்து, தொடை, நெஞ்சு, ஈரல், குடல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எல்லாருக்கும் வரும்படி கூறு வைத்துப் பிரிப்பது. நீர்வேலியில் வாழைக்குப் பஞ்சமில்லை, ஆகவே வாழையிலையில்தான் கூறு போடுவோம். தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி வந்துவிடும், விரதக்காரர் சட்டிபானை கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள், அதனால் அந்த ஒரு நாள் இறைச்சிக்கு வீட்டில் இருக்கும் எதிர்பார்ப்பே வேறு. சின்னப் பிள்ளைகள் விடியவே எழும்பி வந்து நிற்பார்கள்.

கழுவினோம், வேறு வழி இருக்கவில்லை. ஆனால் தொங்குகிற இறைச்சிக்குத் தண்ணீர் ஊற்றுவது கூடாது என்பது எங்கள் பெரியப்பா சின்ன வயதிலிருந்து சொல்லி வருவது, அதில் சரியான காரணமும் இருக்கிறது: வெளிப்பக்கம் காற்றுப்பட்டுக் காய்ந்து மெல்லிய பொருக்குப் போல வந்தால் கிருமி பெருகுவது குறையும், இலையானும் அவ்வளவாக மொய்க்காது, நனைத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். ஐப்பசியில் மழை பெய்தாலும் எங்கள் பக்கம் வெக்கை குறைவதில்லை. அன்றைக்கு அவசர அவசரமாகக் கூறு போட்டு 8 மணிக்கு முதல் எல்லாரையும் அனுப்பினோம், உடனே சமையுங்கள், பின்னேரத்துக்கு வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லித்தான் அனுப்பினேன்.

சரி, கயிற்றுக்கு வருகிறேன். முதல் நாள் பின்னேரம் குருநகர்ப் பக்கம் கடற்றொழில் சாமான் விற்கும் கடையொன்றில் 6 மில்லிமீற்றர் நீலக் கயிறு வாங்கினேன், பொலிப்புரொப்பிலின் என்று சொல்வார்களே அது, புதிதாக இருக்கும்போது 500 கிலோவை அண்டிய இழுவையைத் தாங்கும் சாமான். 38 கிலோக் கிடாய்க்கு அது எத்தனை மடங்கு! ஐயாவின் காலத்துத் தேங்காய்த் தும்புக்கயிறு அந்தப் பலத்தில் ஒரு மூலைக்கும் வராது. ஆனால் தும்புக்கயிறு ஒருநாளும் எங்களைக் கைவிட்டதில்லை. ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். தும்பு சொரசொரப்பு, முடிச்சுப் போட்டால் கயிறு கயிற்றையே கடித்துப் பிடிக்கும், ஒரு சுற்று, ஒரு சுருக்கு, அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. புது நீலக் கயிறோ கண்ணாடி மாதிரி வழவழப்பு, கொஞ்சம் விறைப்பும் இருக்கும், போட்ட முடிச்சு தானாக நிமிரப் பார்க்கும், அதில் மழை ஈரமும் கொழுப்புக் கையும் சேர்ந்தால் பழைய சுருக்கு நிற்காது. பெரியப்பா தும்புக்கயிற்றுக்குப் பழகிய அதே முடிச்சைத்தான் போட்டார். பிழை அவரில் இல்லை. கயிறு மாறினால் முடிச்சும் மாறவேண்டும் என்பதைக் கயிறு வாங்கப் போனவன்தான் யோசித்திருக்க வேண்டும்.

தும்புக்கயிற்றைத் திரும்ப எடுப்போமா என்று வீட்டில் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். அது தண்ணீரையும் இரத்தத்தையும் உறிஞ்சும், உள்ளே உக்கியிருந்தாலும் வெளியே தெரியாது, கழுவிக் காயவைக்க இரண்டு நாள் செல்லும், மாரியில் அதுவும் காயாது. இறைச்சிக்கு அருகே வரும் கயிறு கழுவி ஒரு மணித்தியாலத்தில் காயவேண்டும். இதில் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த வருடம், 2023, தீபாவளிக்கு அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். அத்தான் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில், மலைப் பக்கம், ஒவ்வொரு இலையுதிர் காலமும் உரிமம் எடுத்து வேலை நண்பர்களோடு மானுக்கும் மூஸ் என்ற மிகப் பெரிய மானினத்துக்கும் வேட்டைக்குப் போகிறவர். (இங்கே அந்தக் கதை இல்லை. 1937ஆம் ஆண்டிலிருந்தே எங்கள் நாட்டில் விலங்கினங்களையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மான் மரையில் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எனக்குத் தேவைப்பட்டது அவருடைய கயிற்று அறிவு மட்டும்.) விழுந்த கிடாயின் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, எழும்பிப் போய்ப் பயணப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சுருள் கொண்டு வந்து என் கையில் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். 15 மீற்றர் என்றார். கையில் பாரமே தெரியவில்லை.

அது டைனீமா. நெதர்லாந்தில் கண்டுபிடித்த ஒரு வகைப் பொலித்தீன் நார், நாங்கள் சாமான் சுற்றும் பொலித்தீனின் உறவுக்காரன்தான், ஆனால் நாரின் மூலக்கூறுகளை நீளமாக இழுத்து ஒரே திசையில் அடுக்கியிருப்பதால் நிறைக்கு நிறை உருக்கை விடப் பல மடங்கு பலம். 2 மில்லிமீற்றர் தடிப்பில் 200 கிலோவுக்கு மேல் தாங்கும், தண்ணீர் குடிக்காது, தண்ணீரில் மிதக்கும், இழுத்தால் நீளாது. அத்தான் காட்டில் வாகனத்தை விட்டு 6, 7 கிலோமீற்றர் நடந்து போகிறவர், அங்கே சுட்டதை வெட்டி முதுகில் சுமந்து பல நடை நடந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும், பெரிய ஆண் மூஸ் ஒன்றின் பின்னந்தொடை ஒன்றே 50 கிலோவைத் தாண்டும், அதாவது எங்கள் முழுக் கிடாயை விட நிறை. ஒரு நடை சுமந்துவிட்டுத் திரும்பி வரும் வரைக்கும் மிச்ச இறைச்சி துணிப் பைக்குள் மரத்தில் தொங்கவேண்டும், கரடி எட்டாமல் 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்தும் தள்ளி, காற்று நாலு பக்கமும் படும்படி. அப்படிப்பட்ட ஆளுக்கு 100 கிராம் ஒரு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதுவரைக்கும் கயிற்றின் நிறையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அந்தத் தீபாவளிக்கு அந்தக் கயிற்றில்தான் தூக்கினோம். அதிலிருந்துதான் நான் உண்மையில் படித்தேன், அதுவும் முதல் ஐந்து நிமிடத்தில். கொப்புக்கு மேலால் எறிந்து, மறுமுனையை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். கிடாயின் நிறை முழுக்க வந்ததும் 2 மில்லிமீற்றர் கயிறு கையை அறுத்துக்கொண்டு உள்ளே போனது. விடவும் முடியாது, விட்டால் மறுபடியும் மண்.

“தம்பி, கையில சுத்தாதைங்கோ! தடியில சுத்துங்கோ, தடியில!” என்று அத்தான் கத்திக்கொண்டே ஓடிவந்து பிடித்தார்.

கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இறைச்சி தூக்கும் கயிறு எத்தனை கிலோ தாங்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள், கடைக்காரரும் அதைத்தான் சொல்லி விற்கிறார், ஆனால் இந்தக் காலத்து எந்தக் கயிறும் ஆட்டை விடப் பலசாலிதான். பிரச்சினை மூன்று இடத்தில் வரும்: கையில், கொப்பில், முடிச்சில். மெல்லிய கயிறு வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது தன் கை அதைப் பிடிக்குமா என்பதைத்தான். பிடிக்காது என்றால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த பூவரசந் தடி ஒன்றை எடுத்து, கயிற்றின் முனையை அதில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டி, தடியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். கையுறை போட்டாலும் தடி வேண்டும். கையுறை தோலைக் காக்கும், விரல் எலும்பை நெரிக்கிறதைக் காக்காது.

கொப்பு இரண்டாவது. 35 கிலோவைத் தூக்க 35 கிலோ இழுவை போதும் என்று நினைப்போம். கரடுமுரடான மாம்பட்டைக்கு மேலால் கயிறு வழுக்கி வரும்போது உராய்வு சேர்ந்து இழுக்க வேண்டியது இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும், அதனால்தான் ஒரு ஆளால் கிடாய் எழும்பாமல் மூன்று பேர் தொங்க வேண்டியிருக்கிறது. மெல்லிய கயிறு பட்டைக்குள் வாள் மாதிரி அறுத்து இறங்கும், மரத்துக்கும் காயம், கயிறும் அந்தப் பள்ளத்துக்குள் இறுகி நின்றுவிடும். டைனீமா, பொலிப்புரொப்பிலின் இரண்டும் 150, 160 பாகை செல்சியஸை அண்டிய சூட்டிலேயே உருகும் சாமான், வேகமாக இழுத்தால் உரசும் இடத்தில் மேற்புறம் பளபளப்பாகி இறுகிப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். நைலோன் 200 பாகைக்கு மேலும் நிற்கும். எங்கள் பின்வளவில் பாவிக்காத கிணறு ஒன்று இருக்கிறது, அதன் கப்பியைக் கழற்றி, பழைய பள்ளிப் பையின் அகலமான பட்டியால் கொப்பில் கட்டித் தொங்கவிட்டோம். அதற்குப் பிறகு 14 வயது மருமகன் தனியாக இழுத்தான், கிடாய் எழும்பியது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, “இத்தனை வருசமும் இதை ஒருத்தரும் யோசிக்கேல்லையே” என்றார்.

காட்டுக்குப் போகிறவருக்குக் கிணற்றுக் கப்பி சரிவராது. அத்தான் கொண்டுபோவது மலையேறுகிறவர்கள் பாவிக்கும் சின்ன அலுமினிய வளையம் ஒன்று, அதைக் கொப்பில் பட்டியால் கட்டி அதற்குள்ளால் கயிற்றை விடுவார். கப்பி அளவுக்குச் சுகம் இல்லை, பட்டையில் இழுப்பதை விட எவ்வளவோ மேல். கொப்பைச் சுற்றிச் சைக்கிள் ரியூப் வார் சுற்றுவதும் நல்லது. ஐயா 1995 இடப்பெயர்வில் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டுபோன ரியூப் வாரை வெகுகாலம் எறியாமல் வைத்திருந்தார். எதைக் கட்டினாலும் வழுகாமல் பிடிப்பது றப்பர்தான் என்பார். இப்போது கொப்பில் பட்டி போடும் இடத்தில் ரியூப் வார் இரண்டு சுற்று போட்டுவிட்டுத்தான் பட்டி போடுகிறேன், பட்டி அசையாது, பட்டையும் காயப்படாது.

முடிச்சு பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கிடாயை விழுத்தியது அதுதான். நைலோன் கயிற்றில் முடிச்சுப் போட்டால் மூன்றிலொரு பங்கு பலம் குறையலாம், டைனீமாவில் பாதிகூட மிஞ்சாது, ஏனென்றால் அது வழவழப்பு, கூரான மடிப்பில் நார்கள் ஒரே அளவாகப் பாரம் எடுக்காது. அப்படிப் பார்த்தாலும் 200 கிலோக் கயிறு 80, 90 கிலோ தாங்கும், கிடாய்க்குப் போதும், ஆனால் அறுவதற்கு முதலே வழுகிவிடும் என்பதுதான் பயம். நான் செய்வது இது: முனையை ஒரு முழம் இரட்டையாக மடித்து, அந்த இரட்டைக் கயிற்றாலேயே எட்டு வடிவ முடிச்சுப் போட்டுக் கண் போல ஒரு வளையம் எடுப்பேன். முடிச்சை ஈரமாக்கி இறுக்குவேன். முனை ஒரு சாண் வெளியே நிற்க வேண்டும், அதை அளந்து பார்ப்பேன். மறுபக்கத்தை அடிமரத்தில் கட்டும்போது முதலில் மரத்தைச் சுற்றி மூன்று சுற்று, அதற்குப் பிறகுதான் முடிச்சு, ஏனென்றால் மரத்தைச் சுற்றிய சுற்றுகளே பாரத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடும், முடிச்சுக்கு வேலை குறைவு. இந்த மூன்று சுற்றை 2022இல் போட்டிருந்தால் அந்த நீலக் கயிறுகூட நின்றிருக்கும். கிடாயைத் தூக்கி அரை முழம் எழும்பியதும் நிறுத்தி, ஒரு ஆள் அதைப் பிடித்துக் கீழே பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். வழுகுவதென்றால் அப்போதே வழுகட்டும், கீழே வாழையிலை விரித்திருக்கும்.

காலில் கட்டுவதிலும் ஒன்று இருக்கிறது. மெல்லிய கயிற்றை நேரே பின்னங்காலில் கட்டினால் பாரத்தில் அது தோலையும் நரம்பையும் அறுத்துக்கொண்டு போய்விடும். முழங்காலுக்குக் கீழே எலும்புக்கும் பின்நரம்புக்கும் இடையில் ஓட்டை போட்டு, இரண்டு காலுக்கும் ஊடாகக் குறுக்குத் தடி ஒன்று விட்டு, தடியின் நடுவில் கயிற்றைக் கட்டவேண்டும். கால்கள் அகன்று நிற்பதால் உரிக்கவும் குடல் எடுக்கவும் லேசு, உள்ளே காற்றும் படும்.

இப்போது நான் பாவிப்பது அத்தானின் கயிறு இல்லை. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் சொல்லித் தேடி வாங்கியது 4 மில்லிமீற்றர் நைலோன், உள்ளே 7 இழை, வெளியே பின்னிய உறை, பரகோட் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பரசூட்டுகளுக்குப் பாவித்த கயிறு, 550 இறாத்தல் தாங்கும் என்பதால் 550 என்றே பெயர், ஏறக்குறைய 250 கிலோ. 15 மீற்றர் சுமார் 100 கிராம் வரும், டைனீமாவின் இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் வீட்டு வளவில் எனக்கு அந்த நிறை ஒரு பொருட்டில்லை. கையில் பிடிபடுகிறது, முடிச்சு நிற்கிறது, வேலை முடிந்தபின் நகத்தால் முடிச்சை அவிழ்க்க முடிகிறது. குறை என்னவென்றால் நைலோன் இழுபடும், நனைந்தால் இன்னும் கூட, தூக்கிக் கட்டிய கிடாய் கொஞ்ச நேரத்தில் ஒரு சாண் கீழே இறங்கிவிடும், அதைக் கணக்கு வைத்து உயர்த்திக் கட்டினால் சரி. ஈரத்தில் பலமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், அதுவும் எங்கள் பாரத்துக்கு ஒன்றுமில்லை. சந்தையில் அதே நிறத்தில் அதே தடிப்பில் மலிவாக வருவதும் உண்டு, வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ இருக்கும், 7 இழை இருக்காது. வாங்க முதல் முனையை உரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சுமந்து நடக்கிறவர்களுக்கு என் சிபாரிசு இது இல்லை. அத்தானே 2 மில்லிமீற்றரை விட்டு 3 மில்லிமீற்றர் டைனீமாவுக்கு மாறிவிட்டார், குளிரில் விறைத்த விரலால் 2 மில்லிமீற்றர் முடிச்சை அவிழ்க்க முடியாமல் ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டிவந்ததாம், வெட்ட வெட்டக் கயிறு குட்டையாகிக்கொண்டே போனதாம். 3 மில்லிமீற்றரில் அந்தத் தொல்லை இல்லை, நிறையும் அதே நீளப் பரகோட்டை விடக் குறைவு. அதற்குக் கீழே போகவேண்டாம் என்பதுதான் அவருடைய முடிவு, எனக்கும் அது சரியாகப் படுகிறது. நீளத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. கொப்பு 3.5 மீற்றர் உயரம் என்றால் ஏறி இறங்க 7, அடிமரத்துக்குப் போய்ச் சுற்ற 3, முடிச்சுக்கும் தடிக்கும் 2, ஆகக் குறைந்தது 12 மீற்றர். இரண்டு மரத்துக்கு நடுவே கொடி கட்டித் தொங்கவிடுகிற இடத்தில் 30 மீற்றர் இல்லாமல் போகக்கூடாது. நிறம் வெள்ளை அல்லது செம்மஞ்சள். பச்சையும் கறுப்பும் பார்க்க வடிவு, ஆனால் விடியப்புற இருட்டில் ரோச் வெளிச்சத்தில் தெரியாது, கத்தியோடு நிற்கிற ஆள் கயிற்றில் தடக்குப்படுவார்.

முசுறு எறும்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மாமரத்தில் முசுறுக் கூடு இருந்தால் அவை கயிற்றில் வரிசை கட்டி இறங்கி வரும், எந்தக் கயிறாக இருந்தாலும். தூக்க முதல் கப்பிக்குக் கீழே ஒரு முழத்தில் மண்ணெண்ணெய்த் துணி ஒன்றை மெல்லிதாகச் சுற்றிவிட்டால் வராது என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார், நான் அதை விடவில்லை, அந்த மணம் இறைச்சிக்கு வந்தால் பிறகு என்ன செய்வது. முசுறு இல்லாத வேப்பங் கொப்புக்கு இப்போது இடம் மாறிவிட்டோம்.

வேலை முடிந்ததும் கயிற்றைச் சவர்க்காரம் போட்டு வெந்நீரில் கழுவி, நிழலில் காயவிடுவேன், வெயில் நைலோனுக்கும் கூடாது, பொலிப்புரொப்பிலினுக்கு அதைவிடக் கூடாது, ஒரு வருடம் வெயிலில் கிடந்த நீலக் கயிறு கையில் தூளாக உதிர்வதைக் கடற்கரையில் எவரும் பார்க்கலாம். பிறகு எட்டு வடிவில் சுற்றி ஒரு பழைய கோப்பித் தகரத்துக்குள், அதற்குள்ளேயே பட்டியும் ரியூப் வாரும், பக்கத்தில் பூவரசந் தடியும். போன கிழமை திறந்து பார்த்தேன், ஒரு முனை உறை பிரிந்து உள்ளிழை வெளியே வந்திருக்கிறது. ஐப்பசிக்கு முதல் அதை ஒரு விரல் நீளம் வெட்டி, மெழுகுதிரியில் பிடித்து உருக்கி ஒட்டிவிட வேண்டும்.